க்ரிஸ்பி: பொருள், பயன்பாடு, பக்குவம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

க்ரிஸ்பி என்ற சொல்லுக்குச் சரியான தமிழ்ப் பொருள் என்ன?

மொறுமொறுப்பான, முறுகலான. அகராதிகள் இத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. அதனால் பாதிப் பொருள்தான் கைக்கு வருகிறது. ஓர் உணவு க்ரிஸ்பி ஆக மூன்று குணங்கள் சேர வேண்டும்: கடிபடும் பகுதி மெல்லியதாக இருக்க வேண்டும், அதில் ஈரம் இருக்கக் கூடாது, பல் பட்டதும் வளையாமலும் இழுபடாமலும் சட்டென்று உடைந்து சத்தம் கொடுக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அதற்கு வேறு சொல் தேடத்தான் வேண்டும். தடியாக இருந்து உடைந்தால் க்ரஞ்சி. மெல்லியதாக இருந்தும் இழுபட்டால் சூயி. சத்தமே வராமல் பொடிந்தால் க்ரம்ப்ளி.

பெரும்பாலும் இது உணவின் மேற்பரப்பைப் பற்றிய சொல். பொரித்த கோழியைக் க்ரிஸ்பி என்றால் தோலும் மேல்மாவும்தான் அப்படி இருக்கின்றன. உள்ளே கறி மெத்தென்றும் சாறோடும் இருக்க வேண்டும். உள்ளேயும் மொறுமொறுவென்று இருந்தால் அது காய்ந்துபோன கறி, அதை யாரும் பாராட்டுவதில்லை.

மொறுமொறு, முறுகல், கரகரப்பு மூன்றும் ஒன்றுதானா?

இல்லை. முறுகல் என்பது அடுப்பைப் பற்றிய சொல்: சூடு ஏறி, நிறம் மாறி, ஈரம் போன நிலை. மொறுமொறு என்பது வாயையும் காதையும் பற்றிய சொல்: கடிக்கும்போது வரும் ஒலியிலிருந்து பிறந்தது. க்ரிஸ்பி இரண்டையும் ஒரே சொல்லில் அடக்குகிறது. ஆகவே சமையல் குறிப்பில் 'வேக வைக்கும் அளவு' சொல்லப்பட்டால் முறுகல், சுவைத்துப் பார்த்துச் சொல்லும் இடத்தில் மொறுமொறு என்று எழுதுவது பொருந்தும்.

கரகரப்பு இரண்டுக்கும் சற்றுத் தள்ளி நிற்கிறது. தொண்டையும் கரகரக்கும், நைசாக அரையாத மாவும் கரகரவென்று இருக்கும். ஒன்றிரண்டாகத் திரித்த மாவைச் சொல்ல ஆங்கிலத்தில் வருவது கோர்ஸ். அங்கே க்ரிஸ்பி போட்டால் படிப்பவர் குழம்புவார்.

க்ரிஸ்ப் என்பதற்கும் க்ரிஸ்பி என்பதற்கும் என்ன வேறுபாடு?

உணவைப் பொறுத்தவரை இரண்டும் நிறையவே ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. வறுத்த பன்றி இறைச்சித் துண்டை இரண்டு விதமாகவும் சொல்வார்கள். வழக்கத்தில் ஒரு சாய்வு மட்டும் உண்டு: பொரித்தது, சுட்டது, வறுத்தது என்றால் க்ரிஸ்பி, ஆப்பிள், லெட்டூஸ், செலரி போன்ற பச்சைக் காய்கனிகள் என்றால் க்ரிஸ்ப். க்ரிஸ்பி ஆப்பிள் என்றாலும் புரியும், ஆனால் காதுக்குச் சற்று இடறும்.

உணவை விட்டு வெளியே வந்தால் வேறுபாடு கறாராகிவிடும். கசங்காத புது நோட்டு, கஞ்சி போட்டு இஸ்திரி செய்த சட்டை, குளிரும் தெளிவும் சேர்ந்த காலை, சுருக்கென்ற பதில், தெளிவான படம் எல்லாமே க்ரிஸ்ப் மட்டும்தான். 'க்ரிஸ்பி ஷர்ட்' என்று எழுதினால் சட்டையை எண்ணெயில் போட்டு எடுத்தது போல் ஆகும். வெள்ளை ஒயினைக் க்ரிஸ்ப் என்றால் அதன் புளிப்பு நாக்கில் துலக்கமாகத் தெரிகிறது என்று பொருள். கடிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

க்ரிஸ்ப் பெயர்ச்சொல்லாகவும் வரும். பிரிட்டனில் பொட்டலத்தில் விற்கும் மெல்லிய உருளைக்கிழங்கு வறுவலுக்குப் பெயர் க்ரிஸ்ப்ஸ். அமெரிக்காவில் அதே பொருள் சிப்ஸ். பிரிட்டனில் சிப்ஸ் கேட்டால் விரல் பருமனில் நறுக்கிப் பொரித்த, சூடான கிழங்கு வரும். கருகிப்போனதைச் சொல்லும் 'பர்ன்ட் டு எ க்ரிஸ்ப்' என்ற தொடரிலும் இது பெயர்ச்சொல்தான்.

க்ரிஸ்பி, க்ரஞ்சி இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

பலர் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். பருமனையும் கடியின் எண்ணிக்கையையும் பாருங்கள். க்ரிஸ்பி முதல் கடியிலேயே உடைந்து தீர்ந்துவிடும். க்ரஞ்சி மெல்ல மெல்லத் தொடர்ந்து உடைந்துகொண்டே இருக்கும். தாடைக்கும் வேலை அதிகம். மெல்லிய கிழங்கு வறுவல் க்ரிஸ்பி, பச்சைக் கேரட் க்ரஞ்சி. ரொட்டியின் மேலோடு க்ரிஸ்பி, வறுத்த பாதாம் க்ரஞ்சி. தமிழில் பின்னதற்குக் கடக்முடக் அல்லது கறுக்முறுக் என்று சொல்வது கச்சிதமாகப் பொருந்துகிறது. நம் இரட்டைக்கிளவிகளே இந்த வேறுபாட்டை ஒலியில் வைத்திருக்கின்றன.

ஒலியை அளந்தாலும் வேறுபாடு தெரிகிறது. க்ரிஸ்பியான உணவை முன்பற்களால் கடிக்கையில் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கீச்சொலி மிகுதியாக வருகிறது. க்ரஞ்சி உணவில் சுமார் 1,250 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரையிலான தடித்த ஒலி மேலோங்குகிறது. முன்பல்லால் கடித்துப் பார்த்தால் க்ரிஸ்பியும், கடைவாயில் போட்டு மென்றால் க்ரஞ்சியும் நன்றாகப் பிடிபடும்.

சத்தம் அவ்வளவு முக்கியமா?

ஆம். 2004ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாசிமிலியானோ சாம்பினி, சார்ல்ஸ் ஸ்பென்ஸ் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். பங்கேற்றவர்கள் ஒலிவாங்கிக்கு முன்னால் கிழங்கு வறுவலைக் கடித்தார்கள். தங்கள் கடியின் ஓசையை ஹெட்ஃபோன் வழியாகக் கேட்டார்கள். இடையில் ஆய்வாளர்கள் அந்த ஓசையைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். வறுவல் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி. இருந்தும், மொத்த ஒலியையோ உயர் அதிர்வெண் பகுதியை மட்டுமோ கூட்டியபோது அது கூடுதல் மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் தோன்றியது. குறைத்தபோது பழசாகத் தோன்றியது. இதற்கு 2008இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது.

ஃப்ளேக்கி, ப்ரிட்டில், க்ரஸ்டி?

ஃப்ளேக்கி: அடுக்கடுக்காகப் பிரிந்து உதிர்வது. வெண்ணெய் வைத்து மடித்த பேஸ்ட்ரியும் பதமாக வெந்த மீனும் இதில் சேரும். பேஸ்ட்ரி க்ரிஸ்பியும்கூட, மீன் அப்படி இல்லை. ப்ரிட்டில்: எளிதில் உடைவது. பாராட்டோ குறையோ இல்லாமல் பொருளின் தன்மையை மட்டும் சொல்லும் சொல். கண்ணாடிக்கும் வரும், நகத்துக்கும் வரும். க்ரஸ்டி: தடித்த மேலோடு உள்ளது, ரொட்டிக்கே உரியது.

எதிர்ச்சொல் எது?

ஒன்றே ஒன்று என்று சொல்ல முடியாது. குழம்போ சாஸோ ஊறி ஊதிப்போனது சாகி. துவண்டு வளைவது லிம்ப். மெல்ல மெல்ல இழுபடுவது சூயி. நாள்பட்டுப் பதம் கெட்டது ஸ்டேல்.

இதில் தமிழுக்கு ஒரு தனிச் செல்வம் உண்டு: நமுத்துப்போதல். பேச்சில் நமத்துப்போச்சு என்போம். மொறுமொறுப்பாக இருந்த ஒன்று காற்றின் ஈரத்தை இழுத்துத் தளர்ந்துபோவதை மட்டும் குறிக்கும் சொல் இது. ஆங்கிலத்தில் இதற்கென ஒற்றைச் சொல் கிடையாது. 'கான் ஸாஃப்ட்' என்று சுற்றி வளைக்க வேண்டும், அல்லது ஸ்டேல் என்ற பொதுச்சொல்லைப் போட வேண்டும். ஸ்டேல் என்பதிலோ ஒரு குழப்பம் இருக்கிறது. ஸ்டேல் ஆன பிஸ்கட் மெத்தென்று ஆகிறது, ஸ்டேல் ஆன ரொட்டி கட்டையாகிறது. பிஸ்கட் ஈரத்தை ஏற்கிறது. ரொட்டியிலோ ஸ்டார்ச் மீண்டும் படிகமாகி இறுகுகிறது. மொழிபெயர்க்கும்போது முன்னதற்கு நமுத்தது, பின்னதற்குக் காய்ந்தது என்று பிரித்து எழுதுங்கள்.

சொல்லை எப்படி உச்சரிப்பது? எழுத்து வடிவங்கள் எப்படி மாறும்?

முதலில் வரும் இரண்டு மெய்களுக்கு நடுவே உயிர் கிடையாது. கிரிஸ்பி என்று மூன்று அசையாக நீட்டாமல் க்ரிஸ்-பி என இரண்டு அசையில் முடியுங்கள். க்ரிஸ்ப் ஒரே அசை. அதைச் சிலர் க்ரிப்ஸ் என்று புரட்டிவிடுவார்கள். பழைய ஆங்கிலத்திலேயே இந்த எழுத்துகள் இடம் மாறிய வடிவமும் வழங்கியது என்பதால் அவர்களை அதிகம் குறை சொல்ல வேண்டாம்.

ஒப்பீட்டில் க்ரிஸ்பியர், க்ரிஸ்பியஸ்ட். கடைசி 'ஒய்' எழுத்து 'ஐ' ஆக மாறும். 'மோர் க்ரிஸ்பி' பேச்சில் கேட்கும், எழுத்தில் க்ரிஸ்பியர் நல்லது. பெயர்ச்சொல் க்ரிஸ்ப்னஸ், க்ரிஸ்பினஸ் இரண்டுமே சரி. உணவு அறிவியல் கட்டுரைகளில் முன்னதே அதிகம். வினையாக வேண்டுமானால் 'க்ரிஸ்ப் அப்': முறுகுதல், முறுக விடுதல்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீனில் க்ரிஸ்பஸ் என்றால் சுருண்ட, அலையலையான. பழைய ஆங்கிலத்தில் இது சுருள்முடியைக் குறித்தது. 16ஆம் நூற்றாண்டில்தான் 'எளிதில் நொறுங்கும்' என்ற பொருள் ஏறியது. மெல்லிய பொருள் சூட்டில் சுருண்டு நொறுங்குவதைப் பார்த்தால் இந்த மாற்றம் விளங்கும். பிரெஞ்சு க்ரேப் அப்பமும் இதே வேரிலிருந்து வந்ததுதான். அது மொறுமொறுப்பாக இருக்கவே இருக்காது என்பது வேடிக்கை.

ஓர் உணவு மொறுமொறுப்பாக ஆவது எப்படி?

தண்ணீர் வெளியேறுவதால். எண்ணெயில் போட்டவுடன் எழும் குமிழிகள் கொதிக்கும் எண்ணெய் அல்ல, உணவிலிருந்து ஆவியாகி வரும் நீர். அந்த நீர் இருந்த இடமெல்லாம் சிறு சிறு வெற்றறைகளாகின்றன. அவற்றின் சுவரில் உள்ள ஸ்டார்ச்சும் புரதமும் நீரை இழந்து கண்ணாடி போல் விறைத்துப்போகின்றன. கடிக்கும்போது இந்தச் சுவர்கள் ஒவ்வொன்றாக உடைகின்றன. நாம் கேட்கும் மொறுமொறு அந்த உடைப்புகளின் தொடர்தான்.

அந்தச் சுவரில் சிறிது நீர் திரும்பப் புகுந்தாலும் விறைப்பு தளர்ந்து ரப்பர் தன்மை வந்துவிடும். உணவில் கட்டுண்டு கிடக்காத நீர் எவ்வளவு என்று 0 முதல் 1 வரை காட்டும் நீர்ச்செயல்பாடு என்ற அளவு ஏறத்தாழ 0.35 முதல் 0.5 வரை ஏறும்போது வறுவல்களும் பிஸ்கட்டுகளும் மொறுமொறுப்பை இழக்கின்றன. இது காற்றில் 35 முதல் 50 சதவீத ஈரப்பதத்துக்கு ஈடு. நம் ஊர்களில் பெரும்பாலான அறைகளின் காற்று அதைவிட ஈரமானது. திறந்து வைத்த பொட்டலம் நமுப்பது அதனால்தான்.

அப்படியானால் தண்ணீர் நிறைந்த ஆப்பிள் எப்படிக் க்ரிஸ்ப்?

அங்கே கதை தலைகீழ். ஆப்பிளின் உயிரணுக்கள் நீரை நிறைத்துக்கொண்டு, காற்றடைத்த பந்து போல் விறைத்திருக்கின்றன. பல் பட்டதும் அவை வெடித்துத் திறக்கின்றன; சாறும் சத்தமும் சேர்ந்து வருகின்றன. பொரித்ததற்கு நீர் போக வேண்டும், பச்சைக் காய்க்கு நீர் இருக்க வேண்டும். வாடிய லெட்டூஸை ஐஸ் தண்ணீரில் 15 முதல் 30 நிமிடம் போட்டால் மீண்டும் நிமிரும். குளிர்பெட்டியின் காய்கறி இழுப்பறைக்கு ஆங்கிலத்தில் க்ரிஸ்பர் என்று பெயர். அதன் வேலை ஈரப்பதத்தைப் பிடித்து வைப்பது. பெயரை நம்பி அதில் பிஸ்கட்டை வைத்துவிடாதீர்கள்.

பொரித்தது மொறுமொறுப்பாக வரவில்லை. எங்கே தவறு?

முதலில் எண்ணெயின் சூட்டைப் பாருங்கள். 175 முதல் 190 டிகிரி செல்சியஸ் வேண்டும். 150க்குக் கீழே போனால் நீர் வேகமாக ஆவியாகாது, மேலோடு இறுகுவதற்குள் அதிக நேரம் ஆகி எண்ணெய் பிசுபிசுக்கும். 200ஐத் தாண்டினால் உள்ளிருக்கும் ஈரம் வெளிவருமுன் மேலே கருகும். தட்டுக்கு வந்த ஐந்தாவது நிமிடம் அந்த ஈரம் வெளியே வந்து எல்லாவற்றையும் தளர்த்திவிடும். வெப்பமானி இல்லையென்றால் இரண்டரை சென்டிமீட்டர் ரொட்டித் துண்டைப் போடுங்கள்: ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் பொன்னிறமானால் சூடு சரி.

அடுத்தது கூட்டம். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஒரு தடவையில் 150 முதல் 200 கிராமுக்கு மேல் போடாதீர்கள். மொத்தமாகக் கொட்டினால் எண்ணெய் ஒரேயடியாகக் குளிர்ந்துவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் ஈடுகட்டாது.

போடுமுன் மேற்பரப்பைத் துணியால் ஒற்றி எடுங்கள். அதில் ஒட்டியிருக்கும் நீரை ஆவியாக்கவே முதல் சில நிமிடச் சூடு வீணாகும், எண்ணெயும் தெறிக்கும். உப்பை எடுத்த பிறகு தூவுங்கள். நறுக்கிய கிழங்கில் முன்பே போட்டால் நீர் விட்டுக்கொள்ளும்.

எடுக்கும் நேரத்தைக் குமிழி சொல்லும். தொடக்கத்தில் பெரிய குமிழிகள் பொங்கும், சத்தமும் பலமாக இருக்கும். குமிழி சிறுத்து, சத்தம் அடங்கி வரும்போது மேலோட்டின் நீர் பெரும்பாலும் போய்விட்டது. நிறத்தைவிட நம்பகமான அடையாளம் இதுதான்.

எடுத்ததைக் கம்பிவலைத் தட்டில் பரப்புங்கள். காகிதத்தின் மேல் குவித்தால் அடிப்பக்கம் தன் ஆவியிலேயே ஊறும். மூடி வைப்பது அதைவிட மோசம்.

மேல்மாவுக்கு என்ன விகிதம்?

100 கிராம் மைதா, 50 கிராம் கார்ன்ஃப்ளோர், அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் உப்பு, ஐஸ் போல் குளிர்ந்த சோடாத் தண்ணீர் 180 முதல் 200 மில்லி. கரண்டியின் பின்புறத்தில் மெல்லிய படலமாக ஒட்ட வேண்டும்.

மைதா மட்டும் போட்டால் அதிலுள்ள குளூட்டன் என்ற கோதுமைப் புரதம் ஜவ்வு போல் இழுத்து மேலோட்டைச் சூயி ஆக்கும். கார்ன்ஃப்ளோரிலும் அரிசி மாவிலும் குளூட்டன் இல்லை, ஆகவே அவை ஓட்டை நொறுங்க வைக்கின்றன. ஆனால் அவற்றை மட்டுமே போட்டால் மாவு பிடித்து நிற்காமல் உதிரும். குளிர்ந்த நீர் குளூட்டன் உருவாவதைத் தாமதிக்கிறது. சோடாவின் வாயு சிறு அறைகளைத் தருகிறது. கரைத்த உடனே பயன்படுத்துங்கள், கட்டி இருந்தாலும் பரவாயில்லை. நைசாக அடித்துக் கலக்கினால் குளூட்டன் வலுத்துவிடும்.

கிழங்கை இரண்டு முறை பொரிப்பது ஏன்?

ஒரு சென்டிமீட்டர் பருமனில் நறுக்கி, குளிர்ந்த நீரில் 30 நிமிடம் ஊறவைத்து, நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். ஊறுவதால் மேற்பரப்பின் சர்க்கரையும் உதிரி ஸ்டார்ச்சும் கழுவப்பட்டு, சீக்கிரம் சிவப்பது தடுக்கப்படும். முதல் முறை 140 முதல் 150 டிகிரியில் 5 – 6 நிமிடம்: நிறம் மாறக் கூடாது. இதில் உள்ளே வேகும், மேலே ஸ்டார்ச் பசையாகிப் படலம் கட்டும். 30 நிமிடம் ஆறவிட்டு, 185 முதல் 190 டிகிரியில் 2 – 3 நிமிடம் மறுபடி பொரியுங்கள். இப்போது அந்தப் படலம் வறண்டு ஓடாகும். ஒரே சூட்டில் இரண்டையும் முடிக்கப் பார்த்தால் ஏதாவது ஒன்று கெடும்.

குளிர்பெட்டியில் நாள்கணக்காக இருந்த கிழங்கைத் தவிர்க்கவும். குளிரில் அதன் ஸ்டார்ச் சர்க்கரையாக மாறுவதால் மொறுமொறுப்பு வருமுன்னே கறுக்கும்.

ஓவனிலோ ஏர் ஃப்ரையரிலோ க்ரிஸ்பி ஆக்க முடியுமா?

முடியும், ஆனால் காரத்தன்மையுள்ள (ஆல்கலி) சோடா போன்ற பொருளின் உதவி தேவைப்படும். கிழங்குக்கு: 2 லிட்டர் கொதிநீரில் அரை டீஸ்பூன் சமையல் சோடாவும் உப்பும் போட்டு, பெரிய துண்டுகளைப் 10 நிமிடம் வேகவிட்டு வடித்து, பாத்திரத்திலேயே குலுக்குங்கள். சோடா, கிழங்கின் உயிரணுக்களை ஒட்டிவைக்கும் பெக்டினைச் சிதைப்பதால் மேற்புறம் மசிந்து சொரசொரப்பாகும்; அந்தச் சொரசொரப்புதான் பின்னர் மொறுமொறு ஓடு. எண்ணெய் பிசறி 220 டிகிரியில் 45 முதல் 60 நிமிடம், நடுவில் ஒருமுறை புரட்டவும்.

கோழி இறக்கைக்குச் சமையல் சோடா வேண்டாம், சோப்புச் சுவை தட்டும். ஒரு கிலோவுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் பேக்கிங் பவுடரும் உப்பும் பிசறி, மூடாமல் குளிர்பெட்டியில் 8 மணி நேரம் வைத்துத் தோலை உலரவிடுங்கள். இரண்டு வழியிலும் துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் ஒற்றை அடுக்காக இருக்க வேண்டும்.

நமுத்ததை மீட்க முடியுமா?

பிஸ்கட், வறுவல் என்றால் 150 டிகிரி ஓவனில் 5 – 8 நிமிடம் வைத்து, வெளியே எடுத்து முழுதும் ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். சர்க்கரையும் ஸ்டார்ச்சும் ஆறும்போதே விறைக்கின்றன. புதிதாகச் சுட்ட பிஸ்கட் ஓவனிலிருந்து வரும்போது துவண்டிருப்பதும் இதனால்தான். வேகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே தள்ளிக் கருக்கிவிடாதீர்கள்.

மைக்ரோவேவ் இந்த வேலைக்கு ஆகாது. அது உணவினுள் உள்ள நீரைச் சூடாக்கி ஆவியாக வெளியே தள்ளுகிறது. சுற்றியுள்ள காற்றோ சூடாவதில்லை. வெளியே வந்த ஆவி மேலோட்டிலேயே தங்கி ஊறவைத்துவிடும்.

ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள். இளஞ்சூட்டில் மூடினால் மூடியின் உட்புறம் வியர்த்து அந்த நீரே உள்ளே சொட்டும்.

நிறம் கூடக் கூட மொறுமொறுப்பும் கூடுமா?

ஓரளவுக்கு மேல் கூடாது, கசப்புதான் கூடும். ஸ்டார்ச் நிறைந்த உணவை 120 டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து, புற்றுநோய் அபாயம் உள்ளதாகக் கருதப்படும் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உண்டாகிறது. உணவில் இது இருப்பதை 2002இல் ஸ்வீடனில் கண்டறிந்து அறிவித்தார்கள். நிறம் கறுக்கக் கறுக்க அதன் அளவும் ஏறும். ஆகவே பொன்னிறத்தில் நிறுத்துங்கள்.

'ஃப்ரை அன்டில் க்ரிஸ்ப்' என்பதை 'பொன்னிறமாகும் வரை பொரிக்கவும்' என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். தமிழ்ச் சமையல் குறிப்புகளில் மிகப் பழகிப்போன வழு இது. பொன்னிறத்துக்கு ஆங்கிலத்தில் கோல்டன் என்று தனிச்சொல் உண்டு. சர்க்கரை உள்ள மாவு மொறுமொறுப்பாகும் முன்பே பொன்னிறமாகிவிடும். கார்ன்ஃப்ளோர் மட்டும் போட்டது மொறுமொறுத்த பிறகும் வெளிறியே இருக்கும். இந்த இரண்டாவதைப் பொன்னிறம் வரும்வரை விட்டால் கல்லாகிவிடும். 'மொறுமொறுப்பாகும் வரை, குமிழி அடங்கும் வரை பொரிக்கவும்' என்று எழுதினால் சமைப்பவர் பார்க்க வேண்டியதைப் பார்ப்பார். மூலத்தில் 'கோல்டன் அண்ட் க்ரிஸ்ப்' என்று இரண்டும் இருந்தால் மட்டும் இரண்டையும் எழுதுங்கள்.